தையல் மேசைக்கு வந்த குறட்டுப்பூச்சி

மார்கழி பிறந்து ஒரு கிழமை இருக்கும். மூன்று நாளாக மழை விடவில்லை. பொங்கலுக்குத் தைக்கத் தந்த சட்டைத் துணிகள் மேசையில் குவிந்து கிடந்தன. மெரூன் துணி ஒன்றை எடுத்து உதறினேன். உள்ளேயிருந்து கபில நிறத்தில் ஏதோ விழுந்து, மிஷினின் அடித்தட்டுக்குக் கீழே ஓடி ஒளிந்தது. நீளம் ஒரு பெருவிரல் நகமளவு. வாலில் ஒரு குறடு.

கதவடியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டா. "அத அடி புள்ள! காதுக்க பூந்திச்செண்டா மூளையத் திண்டு போடும்."

நான் செருப்பைத் தேடுவதற்குள் அது சுவர் வெடிப்புக்குள் போய்விட்டது. எங்களுடையது 1978 சூறாவளிக்குப் பிறகு அப்பா கட்டிய வீடு. மட்டக்களப்புக் களுதாவளை மணலில் அத்திவாரம் எங்கே இறங்கியதோ தெரியாது, ஆனால் நிலைக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கிறது. பல்லி, எறும்பு, தவளைக்குஞ்சு எல்லாமே அந்த வழியால்தான் வந்து போகும்.

அந்தப் பூச்சிக்கு எங்கள் வீட்டில் நிலையான பெயர் கிடையாது. அம்மாவுக்கு அது காதுக்க பூறது. மகளுக்குக் கத்தரிக்கோல் பூச்சி. ஆங்கிலப் பெயரைப் பார்த்துக் காதுப்பூச்சி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் குறட்டுப்பூச்சி என்றே எழுதுகிறேன், பார்த்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது அண்ணனின் கம்பிக் குறடுதான்.

இரண்டு நாள் கழித்து விடியப்புறம் மகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தாள். இடது பக்கம், காதுக்குக் கீழே, கோடு கிழித்த மாதிரி ஒரு சிவப்பு. கொதி எண்ணெய் பட்ட இடம்போல இருந்தது. பின்னேரம் அதில் சின்னச் சின்னக் கொப்புளம் கட்டிவிட்டது. ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, இரவில் என் மேசை லைட்டுக்குக் கீழேதான் படிப்பாள். வேறு யார்மேல் சந்தேகம் வரும்? குறட்டுப்பூச்சிதான் என்று முடிவுகட்டினேன். அம்மா அக்கி என்றா, பார்வை பார்க்கிறவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நின்றா.

பார்வை பார்க்கப் போகவில்லை. ஆனால் நான் செய்ததும் பெரிய கெட்டித்தனம் இல்லை. கடைக்குப் போய்ப் பூச்சி அடிக்கிற ஸ்ப்ரே ஒன்றை வாங்கிவந்து, நிலை வெடிப்பு, மிஷின் அடி, துணி ராக்கை என்று பேணி முடியும்வரை அடித்தேன். காலையில் செத்துக் கிடந்தவை ஆறு கரப்பான், ஒரு பல்லி, இரண்டே இரண்டு குறட்டுப்பூச்சி. மெரூன் துணியில் எண்ணெய்க் கறை பட்டு, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. இரண்டரை மீற்றர் துணி என் காசில் வாங்கிக் கொடுத்தேன். அன்றிரவே வெடிப்புக்குள்ளிருந்து இன்னொரு குறடு எட்டிப் பார்த்தது.

மகளின் கழுத்துக் கொப்புளம் பழுத்துவிடுமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் தங்கச்சி சின்ன வயது. கழுத்தைப் பார்த்த உடனேயே, "இரவில லைட்டுக்குக் கீழ இருந்தவவா? கழுத்தில ஏதும் ஊர்ந்து, இவ கையால தேய்ச்சவவா?" என்று கேட்டா. ஓம் என்றாள் மகள்.

"நெல்லுமணி அளவில, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கிற பூச்சியா?"

நாங்கள் முழித்தோம். நான் மனதுக்குள் தூக்கில் போட்டிருந்தது கபில நிறக் குறட்டுப்பூச்சியை.

அந்தச் செம்மஞ்சள் பூச்சி ஒரு வண்டு. கடிக்காது, கொட்டாது. அதன் உடம்புக்குள் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. தோலில் வைத்து நசித்தால் அந்தச் சாறு பட்ட வழியெல்லாம் வெந்துபோகும். உடனே தெரியாது, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் எரியத் தொடங்கும். அதனால்தான் கோடு கோடாக வருகிறது, கை எந்தப் பக்கம் தேய்த்ததோ அந்தப் பக்கம். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் பதியும். சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னா, பூசுகிறதற்கு ஒரு களிம்பு தந்தா. கண்ணுக்குள் பட்டிருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடிவாருங்கள் என்றா.

வீட்டுக்கு வந்து அன்றிரவு மேசை லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, தாயும் மகளும் காவல் இருந்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு வந்தது. டொக்டர் சொன்னது சொன்னபடி: கறுப்புத் தலை, செம்மஞ்சள் நெஞ்சு, அதற்குப் பின்னால் நீலம் பாய்ந்த கறுப்பில் கட்டைச் சிறகு, மறுபடி செம்மஞ்சள் வயிறு, நுனி கறுப்பு. எறும்புபோல விறுவிறுவென்று ஓடுகிறது. தொட்டால் தேள் மாதிரி வாலைத் தூக்குகிறது. ஆனால் அந்த வாலில் குறடு இல்லை.

இதை நீட்டி எழுதுவதற்குக் காரணம், இரண்டையும் மாறிப் பிடிக்கிறது லேசு. இரண்டும் மழைக்காலத்தில் வருகின்றன, இரண்டும் நீளவாக்கு, வண்டுக்கும் சிறகுள்ள குறட்டுப்பூச்சிகளுக்கும் முதுகு பாதி மூடாத கட்டைச் சிறகு. வாலைப் பாருங்கள். குறடு இருந்தால் பயமில்லை, பிடித்து வெளியே போடலாம். குறடு இல்லாமல் செம்மஞ்சளும் கறுப்புமாக இருந்தால் கை வைக்க வேண்டாம். உடம்பில் ஊர்ந்தால் தட்டவும் வேண்டாம், ஊதிவிடுங்கள், அல்லது ஒரு கடதாசித் துண்டில் ஏற்றி எடுத்துவிடுங்கள். என் அண்ணன் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி மண்டூர்ப் பக்கம் போய் வெள்ளாமை செய்கிறவர். அவரிடம் சொன்னபோது சிரித்தார். வயலில் நெல்லைக் கெடுக்கிற அறக்கொட்டிப் பூச்சியைப் பிடித்துத் தின்கிற வண்டு அது, வயலுக்கு நல்லது, வீட்டுக்குத்தான் கூடாது என்றார். பல வருசமாக அவர் கழுத்திலும் கையிலும் அடிக்கடி வந்த கோட்டுப் புண்ணுக்கு அன்றைக்குத்தான் அவருக்கும் காரணம் தெரிந்தது.

சரி, பழி விலகினாலும் குறட்டுப்பூச்சி வீட்டுக்குள் வருகிறது வருகிறதுதான். தைக்கிற துணிக்குள் அது கிடந்தால் எந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார்? மச்சாளின் மகள், எனக்கு மருமகள் முறை, வந்தாறுமூலை கெம்பஸில் விவசாயம் படிக்கிறாள். மழை விட்ட ஒரு சனிக்கிழமை வந்தவளிடம் விசயத்தைச் சொன்னேன். "மாமி, வீட்டுக்குள்ள தேடாதீங்க. இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு வளவுக்க போவம்" என்றாள்.

போனோம். குசினிச் சுவரோடு ஒட்டி என்னென்ன வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது: போன வருசத்துத் தேங்காய்ப் பொச்சு ஒரு குவியல், சீமெந்துக் கல் எட்டு, கொச்சிக் கன்றுக்கு வாங்கி மிச்சம் வந்த உரப்பை, அதற்கு மேல் உக்கிப்போன தென்னோலை. கிணற்றடித் தண்ணீர் வடிந்து ஓடுகிறதும் அந்தப் பக்கம்தான். உரப்பையைத் தூக்கினாள். டோர்ச் வெளிச்சத்தில் இருபதுக்குக் குறையாமல் நாலாபக்கமும் ஓடி மறைந்தன. ஒன்று மட்டும் ஓடவில்லை.

மணலில் சின்னக் குழி. குழிக்குள் முத்துப்போல வெள்ளை முட்டைகள், ஜவ்வரிசியை விடச் சின்னது, நாற்பது இருக்கும். அதைச் சுற்றி உடம்பை வளைத்து நின்றது தாய். ஈர்க்குச்சியால் ஒரு முட்டையை மெல்லத் தள்ளிவிட்டாள் மருமகள். தாய் முதலில் குறட்டைத் தூக்கிக் குச்சியைக் கவ்விப் பார்த்தது. பிறகு அந்த முட்டையிடம் போய், வாயால் தூக்கி, திரும்பக் குவியலில் கொண்டுபோய் வைத்தது. இரண்டாம் தரமும் அப்படியே. முட்டையில் பூஞ்சணம் பிடிக்காமல் ஒவ்வொன்றாக நக்கித் துடைத்துக்கொண்டே இருக்குமாம். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் காவல் காக்குமாம். பூச்சி இனத்தில் இப்படிப் பிள்ளை பார்க்கிறவை கொஞ்சம்தான். அம்மா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனா.

ஓடினவற்றில் இரண்டைப் போத்தலில் பிடித்து மேசை லைட்டில் வைத்துப் பார்த்தோம். என் தொழில் கத்தரிக்கோலோடுதானே, குறட்டைத்தான் முதலில் கவனித்தேன். பெண்ணுக்கு இரண்டு அலகும் ஏறக்குறைய நேர். ஆணுக்கு வளைவு, அதிலும் வலது அலகு இடதை விடக் கூட வளைந்திருந்தது, பழுதாய்ப்போன கத்தரிக்கோல் மாதிரி. மஞ்சள் காலில் கறுப்பு வளையங்கள். சிறகே இல்லை. கால் வளையத்தை வைத்துத்தான் இந்த இனத்தை அடையாளம் பிடிக்கிறது என்றாள் மருமகள். உலகத்தின் சூடான நாடுகள் பலவற்றில் வீட்டைச் சுற்றி இருப்பது இதுதான். இன்னொரு இனமும் இருக்கிறதாம், கொஞ்சம் பெரிது, மணல் நிறம், முதுகில் கருங்கோடு. கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் மணலைத் தோண்டிக் குடியிருக்கும், பிடித்தால் அழுகல் நாற்றம் விடும். எங்கள் ஊர் மணலுக்கு அது சரியான ஆள்தான், ஆனால் அன்றைக்கு எங்கள் கையில் அகப்படவில்லை.

சிறகு உள்ள இனங்களைப் பற்றி அவள் சொன்னதுதான் இரவு முழுக்க என் மண்டைக்குள் ஓடியது. அந்தக் கட்டை மூடிக்குக் கீழே இருக்கிற சிறகை விரித்தால் மடித்த அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வருமாம். ஒரு முழுச் சேலையைத் தீப்பெட்டிக்குள் மடித்து வைக்கிற வேலை. இவ்வளவு மடிப்பு இருந்தும் பெரும்பாலும் அது பறக்கிறதில்லையாம். என்ன அநியாயம்!

மறுநாள் ஞாயிறு. முதல் வேலையாகக் குசினிச் சுவரோடு இருந்தவற்றில் தாய் கிடந்த உரப்பையைத் தவிர எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். பொச்சு வேலிப்பக்கம் போனது, உக்கின ஓலை தென்னையின் அடிக்குப் போனது. சீமெந்துக் கல்லை இரண்டு கட்டையின் மேல் தூக்கி அடுக்கினேன், கீழே காற்றுப் போகட்டும் என்று. சுவரிலிருந்து இரண்டடி அகலத்துக்கு வெறும் மணல், ஒரு சருகும் இல்லை. குறட்டுப்பூச்சிக்கு ஈரமும் ஒடுக்கமும் இரண்டும் வேண்டும். முதுகும் வயிறும் எதிலாவது தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில்தான் பகலில் கிடக்கும். வெயில் பட்டுக் காய்கிற வெறும் மணலைத் தாண்டி வர அதற்கு மனம் வராது. கிணற்றடித் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி வாழையடிக்குத் திருப்பிவிட்டார் என் வீட்டுக்காரர். பூச்சாடிகளுக்கு இனிமேல் காலையில்தான் தண்ணீர். பின்னேரம் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கிறது, அவற்றுக்குப் பந்தி வைத்த மாதிரி.

நிலை வெடிப்பைச் சீமெந்தால் பூசினோம். கதவின் அடியில் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி ஆணி அடித்தோம். இது கடை ரப்பர் பட்டியை விட நன்றாக நிற்கிறது. விறாந்தை வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போட்டோம், தைக்கிற லைட்டுக்குப் பக்கத்து யன்னலுக்கு நுண்வலை அடித்தோம். செம்மஞ்சள் வண்டு குறைந்ததற்கு இந்த இரண்டுமே காரணம் என்று நினைக்கிறேன்.

பொறி வைத்த கதையும் இருக்கிறது. பழைய பேப்பரைச் சுருட்டி, நனைத்துப் பிழிந்து, பின்னேரம் பூச்சாடிகளுக்கு இடையில் வைத்தால் விடியும்போது உள்ளே போய்ப் படுத்திருக்கும். காலையில் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் உதற வேண்டியதுதான். முதல் நாள் பதினேழு, இரண்டாம் நாள் பதினொன்று, ஒரு கிழமையில் இரண்டு மூன்றுக்கு வந்துவிட்டது. அப்புறம் ரின்மீன் பேணி. பேணியின் விளிம்பு மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்து, மீன் சாறு கொஞ்சமும் தேங்காயெண்ணெய் ஒரு விரற்கடையும் ஊற்றி வைக்கச் சொன்னாள் மருமகள். மணத்துக்கு வந்து எண்ணெயில் விழுந்துவிடுமாம். விழுந்திருக்கும். ஆனால் நடுச்சாமம் பக்கத்து வீட்டுப் பூனை வந்து பேணியைத் தோண்டி எடுத்து, விறாந்தை முழுக்க எண்ணெய் பூசிவிட்டுப் போனது. பூனை இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் செய்து பார்க்கலாம்.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் வருவது முக்கால்வாசி குளிர்நாட்டு இனத்தைப் பற்றியது, பனிக்காலம் வருமுன் வெடிப்பை அடையுங்கள் என்று. நமக்குப் பனி ஏது? புரட்டாசி கடைசியிலேயே, முதல் மழைக்கு முந்தி, சுவரடியைத் துப்புரவாக்குகிறதுதான் நம் கணக்கு. வெள்ளைக் களிமண் போன்ற ஒரு பூச்சித்தூளையும் சொல்கிறார்கள். அது காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும், எங்கள் மாரியில் அரை மணித்தியாலம் தாங்காது.

தோட்டத்து வழக்கு வேறு. என் கொச்சிக் கன்றுகளை ஒருவர் இரவில் கத்தரித்துக்கொண்டிருந்தார். குறட்டுப்பூச்சிதான் என்று இந்தத் தடவை அவசரப்படவில்லை, டோர்ச்சோடு போனேன். இலையில் பளபளவென்று எச்சில் கோடு, கோட்டின் முடிவில் நத்தை. எச்சில் இருந்தால் நத்தை, கறுப்புக் குறுணி எச்சம் இருந்தால் புழு, இரண்டும் இல்லாமல் பிய்த்த மாதிரி ஓட்டை இருந்தால் குறட்டுப்பூச்சி. பிஞ்சு நாற்றையும் பூவிதழையும் அது கடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கச்சான் போடுகிறவர்கள் கூடக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நிலக்கடலைக் காயைத் துளைக்கிறது என்றே இதன் இனம் ஒன்றைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பிடுங்கிய காயில் சின்ன வட்ட ஓட்டையும் அதை அடைத்து மண்ணும் இருந்தால் அதன் வேலை.

ஆனால் சோளனில் நான் அதைத் தொடுகிறதில்லை. 2018இல் சோளனை அழிக்கிற படைப்புழு இலங்கைக்குள் வந்த பிறகு சோளன் குருத்தைப் பிரித்துப் பார்க்காத நாள் இல்லை. குருத்துக்குள் குறட்டுப்பூச்சி இருந்தால் நல்ல சகுனம். புழுவின் முட்டையையும் குஞ்சுப் புழுவையும் அது தின்கிறது, செடியின் சாற்றை உறிஞ்சுகிற செள்ளுப்பூச்சியையும்தான். அமெரிக்கக் கண்டத்துச் சோளக் காடுகளில் படைப்புழுவுக்கு அதுவும் ஒரு பெரிய எதிரியாம். பிலிப்பைன்சில் சோளத்தண்டுப் புழுவுக்காக வளர்த்தே வயலில் விடுகிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அதனால் பேப்பர்ச் சுருட்டில் கிடைக்கிறதை இப்போது சவர்க்காரத் தண்ணீரில் போடாமல், நாலு வரிசைச் சோளனுக்குக் கொண்டுபோய் உதறுகிறேன்.

காது விசயம் பாக்கி. ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் இதன் பெயரிலேயே காது இருக்கிறது, ஆக இந்தப் பயம் அம்மாவுக்கு மட்டும் உள்ளதில்லை. மூளைக்குப் போகாது, போக வழியே இல்லை, நடுவில் செவிப்பறை இருக்கிறது. காதைத் தேடி வருகிற பழக்கமும் அதற்கு இல்லை. ஒடுக்கமான இருட்டைத் தேடுகிற எந்தப் பூச்சியும் தவறி நுழையலாம், நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறவர்களின் காதில் கரப்பான் போய்த்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி ஏதும் நடந்தால் ஈர்க்கோ ஊசியோ விட்டுக் குடையாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குறடு விரலைக் கவ்வினால் ஒரு நுள்ளு நுள்ளின மாதிரி இருக்கும், நஞ்சு இல்லை. என்னைக் கவ்வியிருக்கிறது. தையல் ஊசி ஏறினதை விட நோ குறைவு.

மகளின் கழுத்தில் கபிலத் தழும்பு மட்டும் மிச்சம், அதுவும் மங்கிக்கொண்டு வருகிறது. உரப்பைக்குக் கீழே இருந்த தாயை நான் கிளப்பவில்லை. பையை அப்படியே திரும்ப மூடி, சுற்றிவரக் கல் வைத்தேன். எட்டாம் நாள் பார்த்தபோது முட்டை ஒன்றும் இல்லை, வெள்ளையாய், நூல் துண்டு மாதிரிக் குஞ்சுகள் தாயின் வயிற்றுக்குக் கீழே நெளிந்தன. இன்னும் ஒரு கிழமையில் பையையும் சோளன் பக்கம் நகர்த்த வேண்டும். அம்மா இரவில் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுக்கிறா. ஆனால் நேற்றுக் காலையில் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் குஞ்சுக்காரி இருக்காளா புள்ள?" என்று கேட்டா.